இருக்கிற ராமோடு ஈசிசி ராமைச் சேர்த்தால் வேகம் குறையுமா?

மல்லாவியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. அவரிடம் இருப்பது ரைசன் 5 3600 புரோசசர், நாலு ஸ்லொட் உள்ள பி450 மதர்போட், 3200 வேகத்தில் ஓடுகிற 8 ஜிபி ராம் இரண்டு. அவற்றில் சிஎல் 16 என்று போட்டிருக்கிறது. கலியாண வீடியோ எடிட்டிங் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊர்ச் சனங்களின் பழைய படங்களையும் காணி உறுதிகளையும் ஸ்கேன் செய்து வைத்துக் கொடுக்கிறார். இப்போது 2666 வேகத்தில் 16 ஜிபி ஈசிசி ராம் (தரவில் வரும் பிழையைத் திருத்த வழி உள்ள வகை) இரண்டு மலிவாக வந்திருக்கிறதாம். "காலியாக இருக்கிற இரண்டு ஸ்லொட்டிலும் போட்டுவிடலாமா அண்ணை? ஈசிசி போட்டால் வேகம் குறையும், லேட்டன்சி கூடும் என்கிறார்கள். எவ்வளவு?" என்று கேட்கிறார். லேட்டன்சி என்றால் கேட்ட தரவு வந்து சேர எடுக்கும் நேரம்.

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். ஈசிசியால் வேகம் குறைவது கண்ணுக்கே தெரியாது. ஆனால் நீங்கள் நினைத்திருக்கிற மாதிரி பழசோடு புதுசைச் சேர்த்துப் போட்டால் வேகமும் குறையும், ஈசிசியும் வேலை செய்யாது. ஈசிசிக்குக் காசு கொடுத்தும் அதன் பலன் கிடைக்காத வழி அது. பழசைக் கழற்றிவிட்டு ஈசிசியை மட்டும் போடுவதென்றால் அது வேறு கதை.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண ராம் ஒன்றைக் கையில் எடுத்து ஒரு பக்கத்தில் உள்ள கறுப்புச் சிப்புகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எட்டு இருக்கும். ஈசிசி ராமில் ஒன்பது இருக்கும். எட்டுச் சிப்பும் சேர்ந்து ஒரு தடவைக்கு 64 பிட் தருகின்றன. ஒன்பதாவது சிப் அதே நேரத்தில் 8 பிட் சோதனை எண்ணைத் தருகிறது. மொத்தம் 72. இந்த 8 பிட்டுக்கு மதர்போட்டில் தனியாகக் கம்பித் தடம் உண்டு, அதனால் தரவு வருகிற வழியில் அது இடம் பிடிப்பதில்லை. உள்ளே வந்தவுடன் புரோசசருக்குள் இருக்கிற மெமரி கொன்ட்ரோலர் கணக்குப் பார்க்கிறது. ஒரு பிட் புரண்டிருந்தால் திருத்திவிடுகிறது. இரண்டு பிட் புரண்டிருந்தால் திருத்த முடியாது, ஆனால் பிழை என்று கண்டுபிடித்துச் சொல்லும். இதன் அடிப்படைக் கணக்கை ரிச்சர்ட் ஹாமிங் என்பவர் 1950இலேயே எழுதிவிட்டார். அந்தக் கணக்கை இன்றைய சிலிக்கன் செய்து முடிக்கிற நேரம், ராமில் இருந்து தரவு வந்து சேர எடுக்கும் மொத்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை.

எழுதும்போது மட்டும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 64 பிட்டில் ஒரு துண்டை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், முழுவதையும் வாசித்து, சோதனை எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டு, திரும்ப எழுத வேண்டும். ஆனால் இன்றைய புரோசசர்கள் தமக்குள் இருக்கிற கேஷ் என்ற சின்ன மெமரியில் இருந்து 64 பைட், 64 பைட்டாகத்தான் ராமுக்கு எழுதுகின்றன. ஆகவே அந்தச் சிக்கல் மேசைக் கணினியில் அரிதாகத்தான் வரும்.

அப்படியென்றால் "ஈசிசி மெதுவானது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ராமின் லேபலில் இருந்துதான். ஈசிசி ராம் செய்கிறவர்கள் சேர்வரையும் வேர்க்ஸ்டேஷனையும் மனதில் வைத்துச் செய்கிறார்கள். ஜெடெக் என்கிற தர நிர்ணய அமைப்பு சொன்ன வேகம், சொன்ன டைமிங் (ஒவ்வொரு வேலைக்கும் ராம் காத்திருக்கிற அளவு), சொன்ன 1.2 வோல்ட், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உங்கள் 3200 சிஎல் 16 ராமோ கேம் ஆடுகிறவர்களுக்காக, தரத்துக்கு மேலான வேகத்தை எழுதி வைத்த எக்ஸ்எம்பி புரொஃபைலோடு 1.35 வோல்ட்டில் ஓடும்படி விற்கப்பட்டது. ஜெடெக் கணக்குப்படி 3200இன் டைமிங் 22-22-22, இதில் முதல் எண்தான் சிஎல். 2666க்கு 19-19-19. உள்ளே இருக்கிற சிப் பல சமயம் ஒரே குடும்பம்தான். ஒன்றை உற்பத்தியாளர் அவிழ்த்துவிட்டிருக்கிறார், மற்றதைக் கட்டி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தச் சிஎல் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது வாசிக்கச் சொன்னபின் ராம் காத்திருக்கிற கிளொக், அதாவது துடிப்பு எண்ணிக்கை, நேரம் இல்லை. நேரம் வேண்டுமென்றால் சிஎல்லை 2000ஆல் பெருக்கி ராமின் வேகத்தால் வகுக்க வேண்டும். உங்களிடம் இருக்கிற 3200 சிஎல் 16க்கு 10 நானோசெக்கன் வரும். ஜெடெக் 3200 சிஎல் 22க்கு 13.75. ஜெடெக் 2666 சிஎல் 19க்கு 14.25. 2133 சிஎல் 15க்கு 14.06. பாருங்கள், ஜெடெக் ராம் எந்த வேகத்தில் வாங்கினாலும் இந்த நேரம் ஏறத்தாழ 14 நானோசெக்கனிலேயே நிற்கிறது. வேகம் கூடினால் கூடுவது ஒரு செக்கனில் எவ்வளவு தரவு வருகிறது என்பதுதான். ராமுக்கும் புரோசசருக்கும் இடையிலான ஒரு சானலுக்கு, அதாவது ஒரு பாதைக்கு, 2666இல் 21.3 ஜிபி, 3200இல் 25.6 ஜிபி.

உண்மையான வேலையில் சிஎல் மட்டும் வந்து நிற்பதில்லை. ராமுக்குள் தேவையான தரவு இருக்கிற வரி திறந்திருக்காவிட்டால் பழைய வரியை மூடி, புதியதைத் திறந்து, பிறகுதான் வாசிக்கலாம். அப்போது மூன்று டைமிங்கையும் கூட்ட வேண்டும். உங்கள் ராம் 16-18-18 என்றால் 52 கிளொக், அதாவது 32.5 நானோசெக்கன். ஜெடெக் 3200க்கு 66 கிளொக், 41.25 நானோசெக்கன். வித்தியாசம் 9 நானோசெக்கனுக்குக் கிட்ட. புரோசசரின் கோர் ஒன்று கேட்டு ராமில் இருந்து பதில் வந்து சேர உங்கள் ரைசனில் எப்படியும் எழுபது, எண்பது நானோசெக்கன் போகும். அதில் இந்த ஒன்பது கூடினால் கேமில் சில ஃபிரேம் குறையும், பெரிய ஃபைலை ஸிப் செய்யும்போது கொஞ்சம் தெரியும். கலியாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்கிற நேரத்தில் தேநீர் குடித்து முடிக்கிற கணக்கு மாறாது. வீடியோ என்கோடிங்குக்குப் பெரும்பாலும் புரோசசரும் கிராஃபிக்ஸ் காட்டும்தான் முட்டுக்கட்டை.

உங்கள் எடிட்டிங்கில் 16 ஜிபி நிரம்பி வழிகிறதென்றால் அதுதான் பெரிய இழப்பு. ராம் போதாமல் எஸ்எஸ்டிக்குப் போனால் நானோசெக்கன் கணக்கு மைக்ரோசெக்கன் கணக்காகிவிடும், ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். 16 ஜிபியும் முட்டி நிற்கிறதென்றால், மெதுவான 32 ஜிபி வேகமான 16 ஜிபியைவிட எத்தனையோ மேல்.

இனிச் சேர்த்துப் போடுகிற விஷயம். மாட்டு வண்டிக்குச் சோடி பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், மெதுவாக நடக்கிற மாட்டின் நடைதான் வண்டியின் நடை. ராமும் அப்படித்தான், ஆனால் இங்கே இன்னும் மோசமாகப் போகலாம். கணினி தொடங்கி ஏறும்போது முதலில் ஓடுகிற பயோஸ் மென்பொருள் ஒவ்வொரு ராமிலும் உள்ள சின்னச் சிப்பை வாசித்து, எல்லாராலும் முடிகிற வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் பழைய ராமின் 3200 எக்ஸ்எம்பியில்தான் இருக்கிறது. அதன் அடிப்படை ஜெடெக் பட்டியலில் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666தான் எழுதியிருக்கும். ஈசிசி ராமில் எக்ஸ்எம்பி அநேகமாக இருக்காது. ஆகவே 3200 ராமும் 2666 ராமும் சேர்ந்து 2133இல் ஓடுகிற கூத்து நடக்கலாம்! சிபியு-ஸீ என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்கிற பக்கத்தைத் திறந்தால் உங்கள் ராமின் ஜெடெக் பட்டியல் தெரியும். வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

ரைசனில் இதன் அடி இன்னொரு இடத்திலும் விழும். புரோசசருக்குள் கோர்களையும் மெமரி கொன்ட்ரோலரையும் இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ராமின் கிளொக்கோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடுகிறது. 3200 ராம் என்றால் அது 1600 மெகாஹேட்ஸ். 2133க்கு இறங்கினால் 1066. ராம் மெதுவானதோடு ராமுக்குப் போகிற வழியும் மெதுவாகிவிடும். லேட்டன்சி கூடியது என்று சனங்கள் ஈசிசியைத் திட்டுவதில் பாதி இதுதான்.

நாலு ஸ்லொட்டையும் நிரப்புவதே தனிச் சுமை. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி சொல்கிற கணக்கு: இரண்டு ராம் என்றால் 3200 வரை. நாலு ராம், ஒவ்வொன்றும் ஒற்றை ரேங்க் என்றால் 2933. நாலும் இரட்டை ரேங்க் என்றால் 2667. இதற்கு மேல் ஓடவே ஓடாது என்பதில்லை, ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். ரேங்க் என்பது சேர்ந்து வேலை செய்கிற ஒரு தொகுதிச் சிப்பு, லேபலில் 1ஆர், 2ஆர் என்று இருக்கும். 16 ஜிபி ஈசிசி ராமில் சிப்பு 9 என்றால் ஒற்றை ரேங்க், இரு பக்கமும் சேர்த்து 18 என்றால் இரட்டை. இரண்டே ராம் போடுகிறவருக்கு இரட்டை ரேங்க் நல்லது. ஒரு ரேங்க் ஓய்வில் இருக்கும்போது மற்றது வேலை செய்யும், அதனால் வேலை கொஞ்சம் விரைவாக நடக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஈசிசி இல்லாத ராம் ஒன்று சேர்ந்திருந்தாலே சோதனை எண்ணுக்கு இடமில்லை. கணினி ஏறினாலும் ஈசிசியை நிறுத்திவிட்டுத்தான் ஏறும். சில போர்டில் ஏறவும் ஏறாது. ஒன்பதாவது சிப்புக்குக் காசு கொடுத்து, அதைச் சும்மா உட்கார வைக்கிற வேலை.

எனவே என் யோசனை: அந்த 2666ஐ விடுங்கள். 3200 வேகத்தில், ஈசிசி, பஃபர் இல்லாத 16 ஜிபி இரண்டு எடுங்கள். பழைய இரண்டையும் விற்றுவிடுங்கள், அது ஓடுகிற ராம்தானே, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ யாராவது வாங்குவார்கள். புதிய இரண்டையும் புரோசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லொட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டில் அதுதான் சரியான இடம், மனுவலில் படம் இருக்கும். அப்போது 3200, சிஎல் 22. இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1600இலேயே நிற்கும். இன்றைய நிலையைவிட ஒரு சில நானோசெக்கன்தான் கூடும், கொள்ளளவு இரட்டிப்பாகும்.

"பஃபர் இல்லாத" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் மலிவாக வருகிற ஈசிசி ராமில் நிறையப் பழைய சேர்வரில் இருந்து கழற்றியது, ரெஜிஸ்டர்ட், அதாவது பஃபர் உள்ள வகை. டிடிஆர்4இல் அதுவும் உங்கள் ஸ்லொட்டுக்குள் அழகாக இறங்கும், 288 ஊசிதான், வெட்டும் அதே இடத்தில்தான். ஆனால் கணினி ஏறாது. லேபலில் வேகத்துக்குப் பின்னால், சின்னக் கோட்டுக்கு அடுத்து உள்ள எழுத்தைப் பாருங்கள். ஆங்கில ஈ என்றால் உங்களுக்கு வேண்டியது. ஆர் என்றால் ரெஜிஸ்டர்ட், தொடவே வேண்டாம். யூ என்றால் ஈசிசி இல்லாத சாதாரண ராம். லேபல் கிழிந்திருந்தால், நடுவில் மற்றச் சிப்புகளைவிட வேறு வடிவத்தில் ஒரு பெரிய சிப் குறுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் ரெஜிஸ்டர். லேட்டன்சி கூடும் என்ற பேச்சில் இதற்கும் பங்குண்டு: கட்டளை அந்த ரெஜிஸ்டரைக் கடக்க ஒரு கிளொக் கூடுதலாக எடுக்கும். அது ரெஜிஸ்டரின் குணம், பழி ஈசிசியின் தலையில்.

போர்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் ரைசன் 5 3600க்கு ஈசிசி தெரியும். போர்டும் ஒத்துழைக்க வேண்டும். சில போர்டின் விபரப் பக்கத்தில் "ஈசிசி ராம், நொன்-ஈசிசி முறையில்" என்று எழுதியிருப்பார்கள். ராம் ஓடும், திருத்தம் நடக்காது என்பது அதன் பொருள். கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிற 3400ஜி, 5600ஜி மாதிரியான புரோசசருக்கு மாறுகிற எண்ணம் இருந்தால், அவற்றில் புரோ என்ற பெயர் உள்ளதற்கு மட்டும்தான் ஈசிசி. இன்டெல் பக்கம் இன்னும் கஞ்சத்தனம்: 12ஆம் தலைமுறையில் இருந்து பல கோர் புரோசசருக்கு ஈசிசி கொடுத்தார்கள், ஆனால் டபிள்யூ680 போன்ற விலை கூடிய சிப்செட் போர்டு வேண்டும். டிடிஆர்5 ராமில் "ஒன்-டை ஈசிசி" என்று ஒன்று எல்லாவற்றிலும் உண்டு. அது சிப்புக்குள் நடக்கிற திருத்தம் மட்டும். சிப்பில் இருந்து புரோசசர் வரைக்குமான வழியை அது காக்காது, பிழை நடந்ததை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. அதை நம்பி ஏமாற வேண்டாம்.

போட்டபின் ஈசிசி உண்மையில் ஓடுகிறதா என்று பார்ப்பது முக்கியம். லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றில் கணினியை ஏற்றி, டிஎம்ஐடிகோட் கட்டளையில் மெமரி விபரம் கேளுங்கள். மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று வர வேண்டும். வின்டோஸில் பவர்ஷெல் என்கிற கட்டளைத் திரை வழியாகப் பிழைதிருத்த வகையைக் கேட்டால் ஓர் எண் வரும். 3 என்றால் இல்லை, 5 அல்லது 6 என்றால் இருக்கிறது. இவை இரண்டும் பயோஸ் சொல்வதைத் திருப்பிச் சொல்பவைதான், பயோஸ் பொய் சொன்னால் இவையும் சொல்லும். லினக்ஸின் ஈடாக் டிரைவர் மெமரி கொன்ட்ரோலரிடமே கேட்கும், அது ஏறி நின்றால் ஓரளவு நம்பலாம்.

டைமிங்கை இறுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இறுக்கலாம். ஈசிசி ராமில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. சாதாரண ராமை அளவுக்கு மேல் இறுக்கினால், எங்கோ ஒரு பிட் புரண்டு, என்றோ ஒரு நாள்தான் தெரியவரும். ஈசிசி ஓடினால், திருத்திய பிழை வழக்கமாக வின்டோஸ் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்ஈஏ என்ற வன்பொருள் பிழைப் பதிவாக விழும். 22ஐ 20ஆக்கி ஒரு இரவு ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் 86 ஓட விடுங்கள். மெம்டெஸ்டிலும், பிறகு வின்டோஸ் பதிவிலும் பிழை ஒன்றுகூட இல்லையென்றால் 18. ஒன்று வந்தாலும் ஒரு படி பின்வாங்குங்கள். ஆனால் வாடிக்கையாளரின் வேலை ஓடுகிற கணினியில் இதைச் செய்வதை நான் விரும்புவதில்லை. அந்த நாலைந்து நானோசெக்கனால் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது.

சூட்டையும் சொல்ல வேண்டும், நாங்கள் இருப்பது வன்னி. ராம் தன் உள்ளடக்கத்தை மறக்காமல் இருக்க 7.8 மைக்ரோசெக்கனுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் வாசிக்க முடியாது. சிப்பின் சூடு 85 பாகைக்கு மேல் போனால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்பது தர விதி. தகரக் கூரைக்குக் கீழே, புழுதி அடைத்த ஃபேனோடு, மூடிய மேசைக்குள் வைத்த கணினி மத்தியானத்தில் பிழை விடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஈசிசி ராம் பலவற்றில் சூடு அளக்கிற சென்சர் உண்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பார்க்கலாம்.

உங்களுக்கு ஈசிசி தேவையா என்றால், வீடியோவுக்கு மட்டுமென்றால் தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஒரு ஃபிரேமில் ஒரு புள்ளி நிறம் மாறினால் மாப்பிள்ளைக்கும் தெரியாது. ஸ்கேன் வேலைதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஜேபெக் படத்தின் நடுவில் ஒரு பிட் புரண்டால் அந்த இடத்தில் இருந்து கீழே முழுவதும் நிறம் மாறியோ பக்கம் நகர்ந்தோ போய்விடலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியாக மிஞ்சிய ஒரு படத்தைத்தான் பலர் உங்களிடம் கொண்டு வருகிறார்கள். அது எப்போதாவது நடக்கிற விஷயமும் இல்லை: கூகிள் சேர்வர்களை ஆராய்ந்து 2009இல் வந்த ஆய்வில், ஒரு வருடத்தில் நூற்றுக்கு எட்டு ராமிலாவது திருத்தக்கூடிய பிழை வந்திருந்தது. ஒழுங்கான ராமில் ஒன்றும் வராது, கெட ஆரம்பித்த ராம் திரும்பத் திரும்பப் பிழை விடும். அந்தக் கெட ஆரம்பித்த ராமை முதல் நாளே காட்டிக்கொடுப்பதுதான் ஈசிசியின் பெரிய உபகாரம்.

இடி மின்னலுக்கும் கரண்ட் ஏறி இறங்குவதற்கும் ஈசிசி மருந்து இல்லை. அதற்கு யூபிஎஸ்ஸும், வேறு வீட்டில் வைத்த இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும்தான். இவை இரண்டும் இன்னும் இல்லையென்றால் ராமுக்கு வைத்த காசை முதலில் அங்கே போடுங்கள்.

வாங்குவதாக முடிவெடுத்தால், பழைய ராம் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். புது ராமோடு முதல் தடவை ஏறும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கலாம். ராமைப் பழக்கிக்கொள்கிற நேரம் அது, அவசரப்பட்டு சுவிட்சை நிறுத்தாதீர்கள். வவுனியாவில் ஈசிசி ராம் கடையில் கிடைக்காது போனால் கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து பஸ்ஸில் வரவழைப்பதென்றால், லேபலின் படத்தை வாட்சப்பில் வாங்கி அந்த ஈ எழுத்தைப் பார்த்த பிறகு காசு போடுங்கள், போர்டு ஏற்காவிட்டால் மாற்றித் தருவோம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.